பதினாறு என்று எழுதிய சாக்கெட்டுக்குப் பின்னால்

ஜோகுபாளையம், பெங்களூரு
நவம்பர் 16, ஞாயிறு மதியம்

அன்பு மகன் டேரிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், காலையில் பூசைக்குப் போய் உன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி ஏற்றினேன், வாசல் பக்கக் காற்றில் மற்றதெல்லாம் அணைந்து அணைந்து எரிய அது மட்டும் நேராக நின்றது, அதனால் நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாளாக இங்கே மழை என்றும் சொல்ல முடியாத, வெயில் என்றும் சொல்ல முடியாத ஒரு வானம். மணி இரண்டுதான் ஆகிறது, ஆனால் ஜன்னலைப் பார்த்தால் விடிகாலை மாதிரி இருக்கிறது. அப்பா சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், பேப்பர் முகத்தின் மேல் ஏறி இறங்குகிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ ட்ராமில் நின்றுகொண்டிருப்பாய், பக்கத்தில் யாராவது சிரிப்பார்கள், நான் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால் தாளில் எழுதுகிறேன். பக்கங்களைப் படம் எடுத்து இன்றே அனுப்புகிறேன், தாளை நாளை தபாலில் போடுகிறேன்.

போன வாரம் பேசும்போது நீ சொன்னாய், டிசம்பர் முதல் வாரம் கூடப் படிக்கிற டிரேவர் புது வீட்டுக்குப் போகிறான், ஜெர்மனியில், அதுவும் லைப்சிக்கில், வாடகை வீட்டோடு அடுப்பு வராது, மின் அடுப்பை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும், சமையலறைச் சுவரிலிருந்து ஐந்து கம்பிகள் சும்மா நீட்டிக்கொண்டிருக்கின்றன, எலக்ட்ரீஷியன் வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள், அதனால் நானே மாட்டிக் கொடுக்கப் போகிறேன் என்று. "நம்ம வீட்ல பண்ணேன்ல, அதே மாதிரிதாம்மா" என்றாய். நான் உடனே குளிர் எப்படி என்று கேட்டேன். டேரில், நீ அந்த அடுப்பை மாட்டக் கூடாது. அந்தக் கம்பிகளைத் தொடக்கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பதற்காக. ஏன் என்று சொல்வதென்றால் நீ நம் வீட்டில் செய்துவிட்டுப் போனது என்ன ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும். அப்பா வேண்டாம் என்றார். "பையன் தனியா கெடக்கிறான், படிக்கிற நேரம், இதைக் கேட்டா ஒடஞ்சு போயிடுவான், விடு ஆஞ்சலா" என்றார். ஒரு வாரம் விட்டுத்தான் பார்த்தேன். டிசம்பர் பக்கத்தில் வந்துவிட்டது.

நீ கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் நடந்தது உனக்கு நினைவிருக்கும். மௌரீன் அத்தை கனடா போகும்போது நமக்கு விட்டுப்போன ஓவனின் பிளக் பெரியது, நம் சமையலறை சாக்கெட்டோ சின்னது, நடுவில் கன்வர்ட்டர் வைத்தால் ஆடிக்கொண்டே இருக்கும். நீ கடைக்குப் போய் பதினாறு ஆம்ப் சாக்கெட், அதற்குச் சுவிட்ச், இரண்டையும் மூடுகிற புதுத் தட்டு எல்லாம் வாங்கி வந்தாய். மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு சாக்கெட் முன்னால் நின்றாய். நான் போன் வெளிச்சம் பிடித்தேன். பழைய தட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கம்பிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன, சிவப்பு, மஞ்சள், நீலம், நடுநடுவே கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள். எது எதற்கு என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பழைய சாக்கெட்டில் இருந்த மூன்றை மட்டும் கழற்றிப் புதியதில் முடுக்கினாய். மீதியை விரலால் உள்ளே திணித்தாய். தட்டு சுவரோடு உட்காரவே இல்லை. "அமுக்கிப் பிடிம்மா, நான் ஸ்க்ரூ போட்டுடறேன்" என்றாய். நான் இரண்டு கையாலும் அமுக்கினேன். அந்த நேரத்தில் உன் தாடை என் தோளுக்கு மேலே இருந்தது, ஷேவ் செய்த சோப்பு வாசனை வந்தது, இந்தத் தட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்காராமல் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு மெயினைப் போட்டோம், ஓவனில் விளக்கு எரிந்தது, நீ கை தட்டினாய்.

நீ போன பிறகு நான் அதிகமாக பேக் செய்ய ஆரம்பித்தேன், உனக்குத் தெரியும், படம் அனுப்புவேனே. தெரியாதது ஒன்று உண்டு. ஸ்கூல் லைப்ரரியிலிருந்து நாலரைக்கு வந்தால் அப்பா அடுகோடி கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து வர ஏழு ஆகும், அந்த இரண்டரை மணி நேரம் வீடு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரி அசையாமல் நிற்கும். ஓவனைப் போட்டால் அதில் ஒரு சின்ன முனகல் வரும், அதைக் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பேன். ஒருநாள் தற்செயலாகக் கை அந்தத் தட்டின் மேல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. சுடவில்லை, வெயிலில் கிடந்த புத்தகத்தின் அட்டை மாதிரி ஒரு சூடு. அதன் பிறகு பேக் செய்யும்போதெல்லாம் அங்கே கை வைத்துக்கொண்டு நிற்பது பழக்கமாகிவிட்டது. நீ மாட்டியது வேலை செய்கிறது, உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, நீ நடமாடுகிற மாதிரி, இப்படியெல்லாம் என்னவோ நினைத்துக்கொள்வேன். கெட்டதாக ஒரு நாளும் தோன்றவில்லை. பி.எஸ்ஸி. படித்தவள்தான் நான், கம்பி ஏன் சூடாகும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தவள். நம் வீட்டுச் சுவரென்றால் அதெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. பதினான்கு மாதம் அப்படியே நின்றேன்.

அக்டோபர் கடைசியில் பக்கத்து வீட்டு வைஷ்ணவி வந்து கதவைத் தட்டினாள். நீ போன பிறகு குடிவந்தவள், மன்னார்குடிப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள், எட்டு மாதக் குழந்தை தர்ஷினி எப்போதும் இடுப்பில். நம் வீடும் அவள் வீடும் முன்பு ஒரே வீடாக இருந்ததை வீட்டுக்காரர் பத்ரிநாத் நடுவில் நாலரை அங்குலச் சுவர் வைத்து இரண்டாக்கினார் அல்லவா, நம் சமையலறைக்கு அந்தப் பக்கம்தான் அவள் குழந்தையைத் தூங்க வைக்கிற அறை. வந்தவள் வாசலிலேயே நின்றாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க என்ன சமைக்கிறீங்கங்கிறது உங்க இஷ்டம். பாப்பா ரூம்ல தெனம் சாயங்காலம் மீன் வாசனை வருது. எங்களுக்குப் பழக்கமில்லை. ஜன்னலைத் திறந்து வெச்சு சமைச்சீங்கன்னா நல்லாருக்கும்" என்றாள். அன்றைக்கு நம் வீட்டில் பருப்பு ரசமும் அவரைக்காய்ப் பொரியலும். அதற்கு முந்தின வாரமும் மீன் வாங்கவே இல்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவளிடம் நேற்று வந்தவள் வாசனை பேசுகிறாளே என்று. "இன்னிக்கு எங்க வீட்ல ரசம்மா, வேணும்னா வந்து மூடியைத் திறந்து பாரு. கிறிஸ்டியன் வீடுன்னா மீன் வாசனை வந்துதான் ஆகணும்னு உன் மூக்கே முடிவு பண்ணிடுச்சு போல" என்றேன். அவளும் விடவில்லை. "என் மூக்குக்கு யார் என்ன மதம்னு தெரியாது ஆன்ட்டி, நாறுதுன்னு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு பேச்சில்லை. தண்ணீர் வண்டி வரும்போது இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு குடம் நகர்த்தினோம். நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பாய். வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே பாங்கடா மீன் வாங்கி ஜன்னலை நன்றாகச் சாத்திவிட்டு வறுத்தேன், வாசனை வாசனை என்கிறாளே, நிஜமானது போகட்டும் என்று. கோபம் வந்தால் எனக்கு பேக் செய்யத் தோன்றும், அதனால் கிறிஸ்துமஸ் கேக்கை முன்கூட்டியே ஆரம்பித்தேன், தினம் ஒரு ட்ரே, ஒன்றரை மணி நேரம், ஓவன் போட்டபடியே பக்கத்தில் ஃபிரிட்ஜும் வாட்டர் ஃபில்டரும் ஓடின. நடுநடுவே எனக்கும் லேசாக அந்த வாசனை வந்தது, கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி. வறுத்த மீனின் வாசனை திரையில் ஏறிவிட்டது என்று திரைகளை எடுத்துத் துவைத்தேன். துவைத்து மாட்டிய பிறகும் வந்தது. டேரில், சுவிட்சுக்குள்ளே பிளாஸ்டிக்கும் கம்பியின் மேலுறையும் மெல்ல வேகும்போது சில சமயம் மீன் வாசனைதான் வருமாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. மீன் சாப்பிடாத வீட்டுக்காரி ஒருத்திதான் அதைச் சரியாகப் பிடித்தாள், நாங்கள் அதை வைத்து ஜாதி, மதம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பத்தாவது நாள் சாயங்காலம் மறுபடி கதவு தட்டும் சத்தம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மாவுக் கையோடு போனேன். வைஷ்ணவியின் முகம் வேறு மாதிரி இருந்தது. "ஆன்ட்டி, கொஞ்சம் வாங்க, செவுரு சுடுது" என்றாள். குழந்தை தொட்டில் கட்டிலில் எழுந்து நிற்கப் பழகுகிறாளாம், சுவரில் கை ஊன்றியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நான் போய்க் கை வைத்தேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், அதில் ஒரு தோசை அகலத்துக்கு மட்டும் சூடு. தெரிந்த சூடு. எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்துக்கு நேர் கீழே குழந்தையின் பஞ்சு மெத்தை, அதன் மேல் மடித்து வைத்த ஃபிளானல் துணிகள். சுவரில் கை வைத்தபடி நின்ற அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை, வெளியே யாரோ சைக்கிளில் கீரை கீரை என்று கூவிக்கொண்டு தெரு முனை வரை போய்விட்ட மாதிரி இருந்தது. பிறகு ஓடினேன். ஓவனை அணைக்கவில்லை, நேராகப் போய் மெயினை இழுத்தேன். வீடு முழுவதும் நின்றது, ஃபிரிட்ஜ் கடைசியாக ஒருமுறை குலுங்கி அடங்கியது.

மறுநாள் காலை கோவிந்தப்பா வந்தார், தேவாலயத்துக்கு லைட் போடுகிற எலக்ட்ரீஷியன், பாதி கன்னடம் பாதி தமிழ். தட்டைக் கழற்ற நான்கு ஸ்க்ரூவில் இரண்டுதான் வந்தன, மற்றது உருகி ஒட்டியிருந்தது. திறந்ததும் அவர் விளக்கை உள்ளே அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். சுவருக்குள் பதித்திருந்த பெட்டியின் பின்பக்கம் ஏரித் தண்ணீர் வற்றின இடம் மாதிரி பழுப்பாக, ஓரம் கறுத்து. கம்பியின் உறை முட்டை ஓடு மாதிரி தொட்ட இடத்தில் உதிர்ந்தது. "அம்மா, இது பாக்ஸா, ஆபீஸ் டைம் பஸ்ஸா?" என்றார். லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று வைத்த சின்னப் பெட்டி அது. அப்புறம் காலிங் பெல் வந்தபோது ஒரு ஜோடி, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு ஜோடி, ஃபிரிட்ஜுக்கு, ஃபில்டருக்கு, ஒவ்வொரு தடவையும் வந்தவர்கள் அதே பெட்டிக்குள் ஒரு கம்பியை இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டு, மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணினார், பதினேழு வந்தது. கம்பிக்கு இடம், முடிச்சுக்கு இடம், சுவிட்சின் முதுகுக்கு இடம், அது போக உள்ளே கொஞ்சம் காலியாகவும் இருக்க வேண்டுமாம், சூடு வெளியே போக. "மூடும்போது கையால அமுக்கணும்னா அந்த பாக்ஸ் தும்பிடுச்சுன்னு அர்த்தம். வேற பாக்ஸ் போடணும், அமுக்கப் படாது" என்றார். தும்பிடுச்சு என்றால் நிறைந்துவிட்டது, நம்மைப் போல அவரும் இரண்டு மொழியைக் கலந்துதான் பேசுவார். என் கை இரண்டும் அந்த நேரம் முந்தானைக்குள் போய்விட்டன.

அதைவிடப் பெரிய தப்பு வேறு. உருகின சாக்கெட்டைத் துடைத்து அதன் மேல் எழுதியிருந்ததைக் காட்டினார். "இங்க பதினாறுன்னு எழுதியிருக்கு பாருங்க. ஆனா பின்னாடி வர்றது ஒரு ஸ்கொயர் எம்எம் ஒயர், லைட்டுக்குப் போடறது. முன்னாடி என்ன எழுதினாலும் ஒயருக்குப் படிக்கத் தெரியாதேம்மா" என்றார். நான் சிரித்துவிட்டேன், சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வந்தது. லைட்டுக்கு ஒன்று அல்லது ஒன்றரை, பெரிய பிளக்குக்கு இரண்டரை, கீசருக்கு நாலு, மெயினிலிருந்து தனியாக வர வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார். நீ பழைய சாக்கெட்டில் வந்த கம்பியையே புதியதில் முடுக்கினாய். வாசலை அகலமாக்கினோம், வாசலுக்குப் பின்னால் சந்து அதே சந்துதான். மெயினில் கரண்டைத் தானாக நிறுத்துகிற எம்சிபி ஏன் விழவில்லை என்று கேட்டேன், அது இருபது ஆம்ப், அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒரு காலத்தில் மாற்றி வைத்திருக்கிறார்கள், அது விழுவதற்குள் இந்தக் கம்பி வெந்தே போயிருக்கும் என்றார்.

பிறகு கேட்டார், "யாரம்மா மாடித்து இதன்ன?" யார் செய்தது இதை என்று. வைஷ்ணவி குழந்தையோடு பின்னால் நின்றிருந்தாள். நான்தான் என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கோவிந்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார், வைஷ்ணவி, "ஏன் ஆன்ட்டி உங்களுக்கு இந்த வேலையெல்லாம்" என்று சின்னப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி திட்டினாள். உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று அப்பா நினைக்கிறார். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் நினைத்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. நீ ஒரு மதியம் ஒரு மணி நேரம் தெரியாமல் செய்தாய். நான் பதினான்கு மாதம் அந்தச் சூட்டைத் தொட்டுத் தொட்டு, யாரிடமும் சொல்லாமல், எனக்கு வேண்டிய அர்த்தத்தை அதற்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கடைசி மாதங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்குகிறது என்று தெரிந்தே நின்றேன். உன்னைப் பிரிந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று உன்னிடமோ அப்பாவிடமோ ஒரு தடவை சொல்லியிருந்தால் சுவரில் சாய்ந்து நின்றிருக்க மாட்டேன். இனிமேல் சொல்லிவிடுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைஷ்ணவியிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, நேற்று சொல்லிவிட்டேன், பையன்தான் செய்தான், நான் அமுக்கிப் பிடித்தேன் என்று. அவள் குழந்தையின் முதுகைத் தட்டினாள். "உங்க பையன் வந்தா சொல்லுங்க ஆன்ட்டி, எங்க வீட்லயும் ஒரு சாக்கெட் தள்ளாடுது, ஆனா அவர் தொடவேண்டாம்" என்றாள். பிறகு, "நீங்க அன்னிக்கு நிஜமாவே மீன் வறுத்தீங்க, எனக்குத் தெரியும், அது வேற வாசனை" என்று சொல்லிச் சிரித்தாள்.

வேலை ஒரு முழு நாள் எடுத்தது. கரண்ட் இல்லாத வீடு பகலில் எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன். மோட்டார் சத்தம் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, உல்சூர் பக்கமிருந்து மணி அடிப்பது நம் சமையலறை வரை வந்தது. புதுக் கம்பியின் முனையை அவர் சீவியபோது உள்ளே செம்பு புது ரோஜா மாதிரி சிவந்திருந்தது, ஒரு துண்டு எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், இவ்வளவு மென்மையான ஒன்று இத்தனை வருஷம் சுவருக்குள் இருட்டில் நம் சோற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சுமந்துகொண்டு கிடந்ததே என்று தோன்றியது. ஓவனுக்கு மெயினிலிருந்து தனியாக இரண்டரை வந்திருக்கிறது, வேறு சுவரில், ஆழமான பெட்டியில். பழைய பெட்டியையும் எடுத்துப் புதிது வைத்தார், அதில் லைட்டும் ஃபேனும் பெல்லும் மட்டும். ஃபிரிட்ஜுக்கும் ஃபில்டருக்கும் தனி வழி. தட்டை ஒரு விரலால் வைத்தார், உட்கார்ந்துவிட்டது. சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை, மேகம் மாதிரி ஈரத் திட்டு. அப்பா தினம் வந்ததும் அதைப் பார்க்கிறார், நேற்று, "நான் ஸ்டோர்ஸ்ல நூறு சைஸ் போல்ட் வெச்சிருக்கேன், வீட்டு ஒயரு என்ன சைஸ்னு கேக்கலை" என்றார்.

கண்ணா, நீ உடைந்து போவாய் என்று அப்பா பயப்படுகிறார், எனக்கு வேறு பயம். இதைப் படித்துவிட்டு இனி ஸ்க்ரூ டிரைவரே எடுக்காமல் இருந்துவிடுவாயோ என்று. அப்படி வேண்டாம். மிக்ஸியைக் கழற்று, சைக்கிளைக் கழற்று, தெரியாததைத் திறந்து பார்க்கிற அந்தக் கை உன்னிடம் அப்படியே இருக்கட்டும். ஆனால் மற்றவர்கள் பக்கத்தில் தூங்குகிற சுவரில், பின்னால் என்ன வருகிறதென்று நமக்குத் தெரியாத கம்பியில், தெரிந்தவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டிரேவரின் வீட்டுக்கு மேலேயும் பக்கத்திலும் யாராவது இருப்பார்கள். மூன்று வாரம் ஆனால் ஆகட்டும், நீங்கள் இரண்டு பேரும் அதுவரை ரொட்டியும் முட்டையும் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் அவன் உன் வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும். டிரேவரின் அம்மாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன், அவசரப்படுத்தாதே என்று.

குளிர் அதிகமாகிவிட்டதென்றால் காதை மூடிக்கொண்டு போ, சளி பிடித்தால் மிளகு போட்டு ஏதாவது குடி. கேக் ஒரு சின்னத் துண்டு மட்டும் தபாலில் வருகிறது, மீதியை வைஷ்ணவி வீட்டுக்கும் கோவிந்தப்பாவுக்கும் கொடுத்துவிட்டேன், முட்டை போட்டது என்று வைஷ்ணவியிடம் சொன்னேன், அவள் கணவர் ரகுராம் மட்டும் சாப்பிடுவார், அவர் சாப்பிடுவது வெளியே தெரியக் கூடாதாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், மாதா உன் கூரைக்குக் கீழே இருக்கட்டும், உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் ஆசி.

ஒரே ஒரு வேலை உனக்கு. அடுப்பை மாட்ட ஆள் வரும் நாள் நீயும் அங்கே போய் நில். சுவரிலிருந்து வருகிற கம்பி எத்தனை ஸ்கொயர் எம்எம், அது எத்தனை ஆம்ப் தாங்கும் என்று அவரைக் கேள், அவர் சொல்கிற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. அந்த எண்கள் வந்து சேரும்வரை அந்த வீட்டு அடுப்பில் நீங்கள் ஒரு டீகூட வைக்கவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருப்பேன்.

உன்னை நினைத்தபடியே,
உன் அம்மா
ஆஞ்சலா பெர்னார்ட்